ரோஸ் நாள் எப்படி வந்தது

வருடத்தில் ஒரு நாள் அந்தச் சலவைக் கூடத்தில் யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள். டீயை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். கழற்றி விட்ட செருப்பில் ஒன்றுதான் இருக்கும், இன்னொன்று டிரையருக்குள் தடதடவென்று உருண்டுகொண்டிருக்கும். மேல்சட்டையை மாட்டப் போனால் கை நுழையாது. வேலையற்ற யாரோ முந்தின நாளே உட்கார்ந்து சட்டைக் கையைத் தைத்து வைத்திருப்பார்கள். "முதலாளி கூப்பிடுறார்" என்று சொன்னால் ஒருத்தரும் அசைய மாட்டார்கள். முதலாளி நிஜமாகவே கூப்பிட்டனுப்பி, யாரும் போகாமல், அவரே இறங்கி வந்து தலையில் அடித்துக்கொண்ட வருடமும் உண்டு. அந்த நாளுக்கு ரோஸ் நாள் என்று பெயர். ஊரில் வேறு யாருக்கும் அப்படியொரு நாள் இருப்பதே தெரியாது.

ஏன் ரோஸ் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை விடுவார்கள். பழைய முதலாளிக்குப் பிடித்த நிறம் என்பான் ஒருவன். ஒரு புதுமாப்பிள்ளையைப் பற்றிய கதை ஒன்று உண்டு. அதைப் பெண்கள் பக்கத்தில் வந்ததும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். முழு விஷயமும் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் பெரிய வாஷரை ஓட்டுகிற மெஷின் அண்ணன். இன்னொருத்தி மடிப்பக்கா. இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை.

மடிப்பக்கா, பெயரே சொல்கிற மாதிரி, விரிப்பு மடிக்கிற மேசையில் நிற்பவள். சேர்ந்த நாளிலிருந்து அதே மேசை, அதே இடம். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ரோஸ் நாளில் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பது அவள்தான். "அக்காவுக்கு மட்டும் வயசே ஆகாது போல" என்று புதிதாக வந்த பெண்கள் சொல்வார்கள். அந்தச் சிரிப்பை அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், பாவம்.

அந்த வருடம் ரோஸ் நாளுக்கு முந்தின வாரம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே அவள் கணவர் கேட்டார். பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிற மனிதர். வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

"இந்த வருஷமாச்சும் வர்றியா?"

எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஊர்க்கோடியில், பையனைப் புதைத்த இடத்துக்கு. எல்லோருக்கும் ரோஸ் நாளாக இருப்பதுதான் அவர்கள் பையன் போன நாள். வருடா வருடம் அன்றைக்கு அவர் தனியாகப் போவார். மண்டிக் கிடக்கிற புல்லைப் பிடுங்கி, தண்ணீர் தெளித்து, பொழுது சாயும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டு வருவார். அவள் வேலைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவாள். மற்ற நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து போவதுண்டு. அந்த ஒரு நாளில் மட்டும் அவள் அவர் கூடப் போனதே இல்லை.

"கேட்டுப் பாக்குறேங்க."

"வருஷா வருஷம் இதையேதான் சொல்ற."

"இப்ப அந்த சூப்பர்வைசர் இல்ல. ஓய்வு வாங்கிட்டுப் போயாச்சு. இனிமே பயமில்ல."

அவர் தட்டைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். "எனக்கும் முன்ன மாதிரி குனிய முடியல. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லாயிருக்கும். அதான் கேட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. இது கெஞ்சல்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அன்றிரவே முடிவு செய்துவிட்டாள், இந்த வருடம் போயே தீருவது என்று.

மறுநாள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி நல்லவர்தான். தன்னை நல்லவர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை கொஞ்சம் தூக்கலாக உள்ளவர், அவ்வளவுதான். லீவு என்றதும் எழுந்தே விட்டார்.

"அன்னைக்கா? வேற எந்த நாள் வேணும்னாலும் எடுத்துக்கோம்மா. ரெண்டு நாளா எடுத்துக்கோ. அன்னைக்கு நமக்குத் துணி போடுற ஓட்டல்லேர்ந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. மைக்செட்டுக்குச் சொல்லியாச்சு. ரோஸ் நாள் எப்படி ஆரம்பிச்சதுன்னு அவங்களுக்குக் கேக்கணுமாம். முதல்லேர்ந்து இருக்கறது நீங்க ரெண்டு பேர்தான். அதுவும் உன் சிரிப்பு இல்லாம அது ரோஸ் நாளா?"

அவர் பாராட்டித்தான் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அன்றைக்கு என் பையன் செத்த நாள் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் தையலில் ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் பிரிந்துகொண்டு வரும் என்று துணியோடு பழகியவளுக்குத் தெரியாதா? பிரிந்து கடைசியில் மெஷின் அண்ணன் தலையில் வந்து நிற்கும்.

நடந்தது இதுதான்.

பையனுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூட விடுமுறையில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவனைக் கூடவே அழைத்து வருவாள். குழந்தைகள் உள்ளே வரக் கூடாது என்பது சட்டம். அதனால் அவன் ஒளிந்தே பழகினான், ஒளிவதில் கெட்டிக்காரனும் ஆகிவிட்டான். டிரையரிலிருந்து சூடாக வந்து தள்ளுவண்டியில் குவிகிற விரிப்புகளுக்குள் புதைந்துகொள்வான். வண்டி மடிப்பு மேசைக்கு வந்து நின்றதும் 'பே' என்று கத்திக்கொண்டு எழுவான். மெஷின் அண்ணன் ஒவ்வொரு தடவையும் "ஐயோ!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுவார். தெரிந்தே விழுவார். அவர் விழுவதைப் பார்க்கத்தான் அவன் ஒளிவதே. ஒரு நாள் வண்டிக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் வந்து நின்றது தெரியாமல் எழுந்துவிட்டான். அவர் போட்ட அலறலில் இஸ்திரி உருளையையே நிறுத்திவிட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் அவருக்குக் கண்டாலே ஆகாது. சூப்பர்வைசருக்குக் 'கறை' என்று பட்டப்பெயர். துணியில் கறை தேடுவது அவர் வேலை. மனிதர்களிடமும் தேடுவது அவர் குணம்.

மழை ஓயாத ஒரு மாதத்தில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா பக்கத்தில் இருந்தார், அம்மா வேலைக்கு வந்தாள்; யாராவது ஒருத்தர் வேலைக்குப் போனால்தானே அடுப்பு எரியும். அன்றைக்கு ஓட்டலில் ஏதோ மாநாடு, வெளியூர் ஆட்கள் ஏராளம் வருகிறார்கள், விரிப்பு மொத்தமும் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஆபீஸ் போனில் அவர் கூப்பிட்டார். "உடனே வா. அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

அவள் கறையிடம் போய் நின்றாள். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் கேட் திறக்காது.

"இந்த லாட்டை முடிச்சுட்டுப் போ."

"சார், பையன் ரொம்ப முடியாம இருக்கான் சார்."

"எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும்தான் காய்ச்சல் வருது. முடிச்சுட்டுப் போம்மா."

அவள் மேசைக்குத் திரும்பி வந்து மடித்தாள். கை தன்பாட்டுக்கு மடித்தது. மூலையோடு மூலை சேர்ந்தது. கண்ணீர் விரிப்பில் சொட்டினால் கறை திருப்பி அனுப்பிவிடுவாரே என்று முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துத் துடைத்து மடித்தாள். மெஷின் அண்ணன் வாஷர் பக்கத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டலின் மேடைத் திரை ஒன்று அங்கே வரும். நல்ல சிவப்பு. தண்ணீர் பட்டால் சாயம் ஊற்றுகிற துணி. அதை மூடி போட்ட தனி வாளியில் வைத்து, எல்லோரும் போன பிறகு கையால் அலசுவார்கள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மெஷினைப் போடச் சொல்லித் தருவதற்கு முன்னால் அந்த வாளிப் பக்கம் போகாதே என்றுதான் சொல்லித் தருவார்கள். மெஷின் அண்ணன் அந்த வாளியைத் திறந்தார். திரையைத் தூக்கினார். ஓட்டல் விரிப்புகள் நிறைந்து கிடந்த பெரிய வாஷருக்குள் அதைத் திணித்து, கதவைச் சாத்தி, வெந்நீரைத் திறந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கூடமே அல்லோலகல்லோலப்பட்டது. வாஷரின் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை விரிப்பு அத்தனையும் ரோஸ் நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது. கறை வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு ஓடினார். தண்ணீரை நிறுத்து, ப்ளீச்சை எடு, கரண்டை அணை என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். வேடிக்கை பார்க்கக் காவலாளியும் கேட்டை விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டான். அந்த அமளிக்கு நடுவில் அண்ணன் அவளைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல், கையை வெளிப்பக்கமாக ஒரு வீசு வீசினார். போ.

அவள் போனாள்.

அவளுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. அவள் நடையின் சத்தம் கேட்டதும் பையன் ஆஸ்பத்திரி விரிப்பைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டானாம். அவள் கட்டிலருகே வந்ததும் விரிப்பை விலக்கி, 'பே' என்றான். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவள் மெஷின் அண்ணன் மாதிரியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். விழுந்து, உரக்க, மற்றக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பிள்ளை பயந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவள் அங்கே கற்றுக்கொண்டாள். விளக்குப் போடுகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே கூடத்தில் முதலாளி வந்து நின்றார். இடத்தை வாங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஆட்களின் முகம்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. எவன் போட்டது, போலீசைக் கூப்பிடட்டுமா என்று குதித்தார். கை தவறி விழுந்துவிட்டது என்று அண்ணன் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அத்தனை வருடம் மெஷின் ஓட்டியவன் கை அந்த வாளிக்குள் தவறிப் போகுமா? வேண்டுமென்றே செய்தேன் என்றால் வேலை போகும், அவளுக்காக என்று சொன்னால் அவள் வேலையும் போகும். அண்ணன் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னார்.

"விளையாட்டு சார்."

"என்னது?"

"இன்னைக்கு எங்களுக்கு விளையாட்டு நாள் சார். வருஷா வருஷம் இந்த நாள்ல ஏதாச்சும் குறும்பு பண்ணுவோம். பழைய முதலாளி காலத்துலேர்ந்து பழக்கம். இந்தத் தடவை கொஞ்சம் எல்லை மீறிப் போச்சு."

இஸ்திரி உருளைப் பக்கமிருந்து ஒருத்தி, "ஆமா சார், போன வருஷம் என் செருப்பை டிரையர்ல போட்டுட்டாங்க" என்றாள். "என் டீயில உப்பு" என்றான் இன்னொருவன். "சட்டைக் கையைத் தச்சிட்டாங்க சார்" என்றது மூன்றாவது குரல். காலி மடிப்பு மேசையை எல்லோரும் பார்த்திருந்தார்கள். யாருக்காக என்று ஒருத்தருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படிப் பிறந்த பழக்கம் அது. பிறக்கும்போதே அதற்குப் பல வயது.

முதலாளி நம்பினாரோ இல்லையோ, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைவிட வேடிக்கை, அந்த ரோஸ் விரிப்புகளை ஓட்டல்காரர்கள் புதுமணத் தம்பதிகள் தங்குகிற அறைகளில் போட்டுப் பார்த்து, நன்றாயிருக்கிறது, இன்னும் வேண்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்த வருஷம் நானும் வருவேன். என்னையும் ஆட்டத்துல சேத்துக்கணும்" என்றார். நம்பாத ஒரே ஆள் கறைதான். அன்றைக்கு மேசையை விட்டு யார் காணாமல் போனது என்று அவருக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் வழியில்லை. காத்திருந்தார்.

பிள்ளையைப் புதைத்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பியபோது, அவளுடைய நாள் அவளைக் கேட்காமலே திருநாள் ஆகியிருந்தது. அண்ணன் அவளைப் பின்பக்கப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார்.

"உன் நாளை எடுத்துட்டேன்மா. வேற எதுவும் வாயில வரல."

அவள் தரையைப் பார்த்தாள்.

"அந்த நாள்ல நீ லீவு போட்டா கறை முடிச்சுப் போட்டுப் பாத்துருவான். அதனால நீ வரணும். வந்து சிரிக்கணும். எப்படி உன்கிட்ட கேக்குறதுன்னே தெரியல."

"எனக்கு ஒரு மணி நேரம் குடுத்தீங்கண்ணா" என்றாள் அவள். "வர்றேன்."

அடுத்த வருடம், பையன் போய் முதல் வருடம் முடிகிற அன்று, அவளுக்கு உப்பு டீ கொடுத்தார்கள். எதிரே கறை நின்றார். அவர் குறும்புகளைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார். அவள் ஒரு வாய் குடித்தாள். ஆஸ்பத்திரித் தரையில் கற்ற அந்தச் சிரிப்பை எடுத்து விட்டாள். கறை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதன் பிறகு சோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்று கேட்பானேன். வருடா வருடம் இதேதான். தெரிந்தவர்கள் பையனைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்கள், பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற பயத்தில். பிறகு அவர்களும் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனார்கள். அந்தத் தள்ளுவண்டிகளில் ஒரு பையன் ஒளிந்து விளையாடினான் என்பதே அந்தக் கட்டடத்துக்கு மறந்துபோனது.

முதலாளி லீவு மறுத்த அன்று சாயங்காலம் அவள் அதை அண்ணனிடம் சொன்னாள். அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வேலையை விட இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

"நான் மைக்ல உண்மையைச் சொல்லிடறேன்மா. என்னை என்ன பண்ணிடுவாங்க இனிமே? நீயும் நிம்மதியா போயிட்டு வரலாம்."

"சொன்னா ரோஸ் நாள்?"

"நின்னுரும். எப்படி நடத்துவாங்க அப்புறம்?" அவர் அவளையே பார்த்தார். "நீ தலையை ஆட்டு, போதும். நான் சொல்லிடறேன்."

அவள் ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

ரோஸ் நாள் காலையில் கணவர் கேனில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வாசலில் நின்றார். அவள் வேலைக்குப் போகிற உடையில் இருப்பதைப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

கூடத்தில் ரோஸ் தாளை வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஓட்டல் ஆட்கள் மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ எச்சரித்திருக்க வேண்டும். மைக் கரகரவென்றது. தலையணை உறைப் பகுதியில் ஒரு பெண் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னப் பெண், வாய் ஓயாது. காலையிலிருந்து ஆளாளுக்கு அவளை ஏமாற்றியிருந்தார்கள். அவளால் ஒருத்தரைக்கூட ஏமாற்ற முடியவில்லை. யாரும் சிக்காத ஒரு ஆளைச் சிக்க வைத்துக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மடிப்பக்கா வயதுப் பெண்களுக்கு ஒரு பையனாவது இருப்பான் என்பது அவள் கணக்கு. வெளியே போய்விட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா! கேட்ல உங்க பையன் நிக்கிறான்க்கா. ரொம்ப நேரமா நிக்கிறானாம். அம்மாவ வரச் சொல்லுங்கன்னானாம்!"

மடிப்பக்கா கையிலிருந்த விரிப்பு தரையில் விழுந்தது. அவள் கையிலிருந்து விரிப்பு விழுந்து யாரும் பார்த்ததில்லை. அவள் ஓடினாள்.

என்ன நாள் என்று தெரியாமல் இல்லை. புதுசின் கண்ணில் குறும்பு மின்னியதையும் பார்த்தாள். புத்திக்கு எல்லாம் தெரிந்திருந்தது, கால்தான் கேட்கவில்லை. வாஷர்களைத் தாண்டி, ஈரத் தரையில் வழுக்கி, சமாளித்து, லாரி நிற்கிற முற்றத்தைக் கடந்து ஓடினாள். கேட்டில் நிற்பவன் ஏழு வயதுப் பையனா, வளர்ந்து ஆளானவனா என்றுகூட அவள் யோசிக்கவில்லை. அவள் ஓடிய அந்தத் தூரம் முழுக்க அவன் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தான்.

கேட்டில் காவலாளி மட்டும் முக்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னக்கா?" என்றான். வெளியே தெரு வெறிச்சென்று கிடந்தது. பின்னால் கூடத்து வாசலில் எல்லோரும் கூடி நின்று கைதட்டிச் சிரிக்கிற சத்தம் வந்தது.

அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. உங்க பையன். அந்த வார்த்தையை அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லி எத்தனை காலம் ஆகிவிட்டது! ஒருத்தி சொல்லிவிட்டாளே. விளையாட்டுக்குச் சொன்னாலும், பொய்யாகச் சொன்னாலும், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி உரக்கச் சொல்லிவிட்டாளே.

அவள் திரும்பி வந்தபோது முதலாளி மைக்கில், "மடிப்பக்காவையே சாச்சுட்டாளேப்பா நம்ம புதுசு!" என்று குதூகலித்துக்கொண்டிருந்தார். புதுசு வெற்றிக் களிப்பில் முன்னால் வந்தாள். அக்காவின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் அவள் சிரிப்பு மெல்ல வாடியது. "அக்கா, கோவமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சரி, அண்ணே, சொல்லுங்க!" என்று முதலாளி மைக்கை மெஷின் அண்ணனிடம் நீட்டினார். "எப்படி ஆரம்பிச்சது இதெல்லாம்?"

அண்ணன் மைக்கை வாங்கினார். புதுசு சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. மடிப்பக்காவைப் பார்த்தார். ஒரு தலையசைப்பு, அதற்காக நின்றார்.

அவள் புதுசைப் பார்த்தாள். சொல்லிவிட்டால் இந்தப் பெண் இன்று சொன்ன அந்த வாக்கியத்தை ஆயுளுக்கும் சுமப்பாள். இனி யாரோடும் விளையாட மாட்டாள். மடிப்பக்கா போய் அண்ணன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"இதை ஆரம்பிச்சது ஒரு சின்னப் பையன்" என்றாள். மைக்கில் தன் குரலைக் கேட்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது. "இங்க வேலை பாத்த ஒருத்தியோட பையன். லீவுக்கு அம்மாகூட வருவான். டிரையர்லேர்ந்து வர்ற விரிப்பு இருக்குல்ல, சூடா, அதுக்குள்ள ஒளிஞ்சிருப்பான். வண்டி வந்து நின்னதும் 'பே'ன்னு எந்திரிப்பான். இந்த அண்ணன் இருக்காரே, ஒவ்வொரு தடவையும் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழுவாரு. அப்ப ஒரு சூப்பர்வைசர் இருந்தாரு, பெரிய முரடு. அவரே ஒரு நாள் அலறி, நாங்க உருளைய நிறுத்திட்டுச் சிரிச்சோம்."

கூட்டம் சிரித்தது. ஓட்டல்காரர் ஒருவர், "அப்ப அந்த ரோஸ் விரிப்பு?" என்று கேட்டார்.

"அதுவும் அவனுக்காக அண்ணன் பண்ணினதுதான். அவனுக்கு எல்லாரும் சிரிக்கணும். அப்புறம் ஒரு நாள் அவன் வராமப் போயிட்டான். அவன் பண்ணினதை நாங்க பண்ண ஆரம்பிச்சோம். அவ்வளவுதான்."

"இப்ப அந்தப் பையன் எங்கக்கா இருக்கான்?" என்று கேட்டாள் புதுசு.

மடிப்பக்கா அவள் கன்னத்தை லேசாகத் தட்டினாள்.

"கேட்ல நிக்கிறான்னு நீதானே சொன்ன."

கூரை அதிர்ந்தது. முதலாளி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். ஓட்டல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவுக்குக் கோபமில்லை என்ற நிம்மதியில் புதுசுதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள்.

மடிப்பக்கா மைக்கைக் கொடுத்தாள். இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்து, மூலையோடு மூலை சேர்த்து மடித்து, மேசைமேல் வைத்தாள். "ரொம்ப நேரமா நிக்கிறானாம் சார். நான் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

"போ போ, காக்க வைக்காத!" என்றார் முதலாளி சிரிப்பு அடங்காமல்.

மெஷின் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வாஷர் பக்கம் ஒதுங்கி நின்றிருந்தார். இடுப்புக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல், கையை வெளிப்பக்கமாக ஒரு வீசு வீசினார்.

ஊர்க்கோடியில் கணவர் காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதிப் புல் அப்படியே இருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படி விட்டாங்க?"

"ஏமாத்திட்டு வந்துட்டேன்."

அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்து, மிச்சப் புல்லைப் பிடுங்கத் தொடங்கினாள்.